சாட்சிச் சுருள்

டைட்டானியமும் பிளாட்டினமும் அணுவுக்கு அணு சரிபாதியாகச் சேர்ந்து உண்டாகும் உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆறிக் கிடக்கும்போது அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், வளைத்தபடியே கிடக்கும். ஆயிரத்து ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கினால் மட்டும் யார் பேச்சையும் கேட்காது. முன்பு பழக்கி வைத்த உருவத்துக்கே திரும்பிவிடும். இந்தக் குணமுள்ள மற்ற உலோகங்கள் வெந்நீர்ச் சூட்டிலேயே தங்கள் வித்தையைக் காட்டி முடித்துவிடும். ஆயிரம் டிகிரியில் வேலை பார்க்க இதை விட்டால் ஆளில்லை.

அந்த ஆளைப் பழக்குவதுதான் முத்துப்பேச்சியின் உத்தியோகம். இராதாபுரத்துக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில், சுற்றிலும் கம்பிவேலி போட்ட ஒரு தொழிற்சாலை. ஊரில் அதற்குப் பெயர் சுருள் கம்பெனி. அங்கே கொசுவத்தி செய்கிறார்கள் என்றுதான் பாதிப் பேர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். விண்வெளி நிலையத்திலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுவரும் கலத்துக்கு அங்கிருந்துதான் சுருள் போகிறது என்று சொன்னால், "சும்மா கெட" என்பார்கள்.

கலத்தின் அடிவயிற்றில் பன்னிரண்டு மூடிகள். காற்றில் உரசிக்கொண்டு இறங்கும்போது அடிப்பக்கம் பழுக்கும். ஆயிரத்து ஐம்பதைத் தொட்டதும் சுருள் நிமிர்ந்து மூடியைத் தள்ளித் திறக்க வேண்டும். உள்ளேயிருந்து குளிர்ந்த வாயு பரவிச் சட்டத்தைக் காப்பாற்றும். அந்தச் சூட்டில் மோட்டார் உருகும், கம்பி எரியும், கணினியைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுருளுக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, சூடே உத்தரவு.

ஆனால் இந்த உலோகத்துக்கு இயற்கையில் இருப்பது அரைகுறை ஞாபகம். பாதி நிமிர்ந்துவிட்டுச் சோம்பேறியாக நின்றுவிடும். அதனால் கொஞ்சம் சிர்கோனியம் கலப்பார்கள். பிறகு கிடுக்கியில் பூட்டி, காற்றே புகாத உலையில் நூற்றிருபது தடவை பழுக்கவைத்து, நூற்றிருபது தடவை ஆறவைப்பார்கள். பத்தொன்பது வருஷமாகப் பேச்சி இதைத்தான் செய்தாள். எடையில் ஐந்தில் நாலு பங்கு பிளாட்டினம் என்பதால் வாசலில் செக்யூரிட்டி இவர்களுடைய செருப்புத் தூசியைக்கூடத் தட்டி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு விடுவான்.

ஒவ்வொரு தடவையும் பதின்மூன்று சுருள் செய்வார்கள். பன்னிரண்டு கலத்துக்குப் போகும். ஒன்று மட்டும் வாங்குகிற கம்பெனியின் முத்திரையோடு இங்கேயே இரும்புப் பெட்டியில் இருக்கும். அதற்குப் பெயர் சாட்சி. ஒரே வார்ப்பு, ஒரே பழக்கம். கலம் இறங்குகிற அன்று காலையில் சாட்சியை எடுத்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சாட்சி சரியாக நிமிர்ந்தால் மேலே இருக்கிற பன்னிரண்டும் நிமிரும் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஒரு சாட்சிகூடப் பிறழ்ந்தது கிடையாது. ஆகவே அது கிட்டத்தட்ட ஒரு சடங்காகிவிட்டது. பேச்சி ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிடுவாள்.

அந்தச் சித்திரை மாத வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்கு, திரையில் ஆயிரத்து ஐம்பது வந்தது, போனது. சுருள் அசையவில்லை. அறுபது. எழுபது. பேச்சி இட்லியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஆயிரத்து எண்பத்தெட்டில்தான் அது நிமிர்ந்தது.

கலத்தின் சட்டம் ஆயிரத்து எழுபது வரைதான் தாங்கும். அதற்கு மேல் மூடி திறந்து புண்ணியமில்லை.

உலையை ஆறவிட்டுச் சுருளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூன்றாம் சுற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பு, சுண்டுவிரல் நுனி அகலத்தில். தன் சுண்டுவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது அவளுடைய விரல்தான்.

போன ஐப்பசியில் ஆயுத பூஜை. அந்தக் கம்பெனியில் உலையிலிருந்து திருப்புளி வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. வீட்டில் பூஜை என்றால் பீரோவிலிருந்து நகையை எடுத்து சாமி முன்னால் வைப்பதில்லையா? அதே மாதிரி, இங்கே இருப்பதிலேயே விலையுயர்ந்தது சுருள்தான் என்று பேச்சியே தட்டோடு எடுத்து வந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் இலைபோட்டு வைத்தாள். பதின்மூன்றுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தாள். சாயங்காலம் ஸ்பிரிட் போட்டுப் பளிச்சென்று துடைத்து உள்ளே வைத்துவிட்டாள். மறுநாள் சோதனையில் பதின்மூன்றும் ஒழுங்காக நிமிர்ந்தன. வாங்குகிற கம்பெனி ஆள் சாட்சிக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

சூட்டில் டைட்டானியம் ஆக்சிஜனையும் கரியையும் குடிக்கும் என்பது பேச்சிக்குத் தெரியாததா? கையுறை இல்லாமல் சுருளைத் தொட்ட ஒரு பயிற்சிக்காரனை அவளே வெளுத்து வாங்கியிருக்கிறாள். ஆனால் பூஜையன்று அந்த அறிவு அவளிடம் இல்லை. அன்றைக்கு அது சுருளாக அவள் கண்ணுக்குப் படவேயில்லை.

கலம் நேற்று இரவே நிலையத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. உள்ளே ஆறு பேர். பகல் பன்னிரண்டேகாலுக்கு ஓடுதளத்தில் இறங்க வேண்டும்.

பேச்சி நேராக மேலாளர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். மறைக்கலாம் என்ற எண்ணம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. வராந்தாவில் பாதி தூரம் வரை கூடவே வந்தது.

கோமதிநாயகம் அவள் கொண்டுவந்த சூட்டு வரைபடத்தையும் சுருளின் தழும்பையும் மாறிமாறிப் பார்த்தார். "தொடச்சுட்டீங்கல்ல பேச்சியம்மா? அன்னைக்கு டெஸ்ட்ல ஓகேதானே ஆச்சு?"

"தொடச்சேன் சார். கண்ணுக்குத் தெரியாம இத்தினிக்கூண்டு ஒட்டியிருந்திருக்கு. மறுநாள் டெஸ்டுக்குச் சூடாக்கும்போது அது உள்ள எறங்கிருக்கு. மேலாப்புல நின்னதுனால அன்னைக்குத் தெரியல. இன்னைக்கு ரெண்டாவது சூடு. ஆழமாப் போயிட்டு. அந்த எடம் மட்டும் மரத்துப் போயி மத்ததையும் புடிச்சு வைக்குது."

"மேல இருக்கிற பன்னெண்டுக்கும் பொட்டு வச்சீங்களா?"

"ஒண்ணையும் விடல சார்."

அவர் போனை எடுத்துக் கலத்தை இயக்குகிறவர்களைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல். பதற்றமே இல்லாமல் கேள்வி கேட்டது, பதற்றமே இல்லாமல் வழியும் சொன்னது. நிலையத்துக்குத் திரும்பிப் போக எரிபொருள் இல்லை. உள்ளே காற்று இன்று இரவு வரைதான். ஒன்று, திட்டப்படி ஓடுதளம். இன்னொன்று, சாய்வைக் குறைத்து நீளமாக இறங்குவது. அப்படி இறங்கினால் சூடு ஆயிரத்தைத் தொடாது, சுருள் தேவையேபடாது. ஆனால் ஓடுதளத்துக்கு வந்து சேர முடியாது. வங்காள விரிகுடாவில்தான் விழ வேண்டும். கலம் தேறாது. ஆட்கள் அநேகமாகத் தேறுவார்கள்.

"எட்டே முக்காலுக்குள்ள உங்ககிட்டருந்து ஒரே ஒரு பதில் வேணும் சார்," என்றது குரல். "சுருளை நம்பலாமா, கூடாதா? மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அப்போது மணி எட்டு இருபது. தர நிர்ணயத் தலைவர் ஞானதுரையை அழைத்துவரச் சொன்னார் கோமதிநாயகம்.

ஞானதுரைக்கு ஐம்பத்தேழு வயது. சாத்தான்குளத்துக்காரர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணிகூட வாசலைத் தாண்டாது. பேச்சியை இந்த வேலைக்கு எடுத்தவரும் அவர்தான், உலை முன்னால் முதல் நாள் அவள் மயங்கி விழுந்தபோது சோடா வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வந்தவர் வரைபடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"மேல இருக்கது இந்தச் சுருள் இல்ல சார்," என்றார்.

"என்ன அண்ணாச்சி சொல்றீங்க?"

"பூஜையன்னைக்குப் பொட்டப் பார்த்தேன். மறுநா டெஸ்ட் பாஸ் ஆயிட்டு. ஆனா மனசு ஒப்பல. சாட்சிக்கு முத்திர போட்டாச்சு, அதத் தொட முடியாது. மத்த பன்னெண்டையும் ஒதுக்கிட்டு, அடுத்த ஆர்டருக்குச் செஞ்சு வச்சிருந்த பன்னெண்ட எடுத்தேன். அதுல உள்ள நம்பரத் தேச்சு அழிச்சு, இந்த நம்பரக் குத்தி அனுப்பினேன். பொட்டு வச்சத உருக்கி, அழுக்கெடுத்து, திரும்ப வார்த்தாச்சு."

"ரிக்கார்டுல?"

"ஒண்ணும் இல்ல. எடை ஒரு மில்லிகிராம்கூடக் கொறையல. அதனால யாரும் கேக்கல."

கோமதிநாயகம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏன் எழுதிக் கொடுக்கல? ஆறு மாசமா ஏன் வாயத் தொறக்கல?"

"எழுதினா இவ வேல போயிரும்." ஞானதுரை பேச்சியைப் பார்க்காமல் சொன்னார். "அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் வேதக்காரன் சார், சர்ச்சுக்குப் போறவன். பொட்டு வச்ச எடத்துல உலோகம் கெடும்ங்கது ரசாயனம். ஆனா ஆயுத பூஜையப் பத்தி ஞானதுரை குத்தம் எழுதிக் குடுத்தாம்னு வெளிய போனா, கேக்கவங்களுக்கு அது ரசாயனமாவா தெரியும்? நானூறு பேரு ஒண்ணா உக்காந்து சாப்பிடுத எடம். சத்தமில்லாம சரி பண்ணிருவோம்னு நெனச்சேன்."

"உருக்கி வார்த்ததைச் சோதிச்சா தெரியுமா?"

"தெரியும். கரியும் குங்குமத்துல உள்ள சுண்ணாம்பும் துளி நிக்கும். ஆனா லேபுக்கு ரெண்டு நாளாகும்."

ரெண்டு நாள் யாரிடம் இருக்கிறது? மணி எட்டு முப்பத்தைந்து.

கோமதிநாயகம் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தார். அவர் கெட்டவரில்லை, ஆனால் கலம் கடலில் விழுந்தால் ஒப்பந்தம் அன்றே முடியும், உலை அணையும், நானூறு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஞானதுரை சொன்னது அவருக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. அதுவே அவரைப் பயமுறுத்தவும் செய்தது.

"அண்ணாச்சி, நீங்க சொல்றது உண்மைன்னா ஆறு மாசமா ரிக்கார்டுல பொய் எழுதியிருக்கீங்க. உண்மை இல்லைன்னா இப்ப பொய் சொல்றீங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பொய் இருக்கு. நான் எப்படி நம்புறது?"

கோமதிநாயகம் பேச்சியின் பக்கம் திரும்பினார்.

"பேச்சியம்மா, நீங்க சொல்லுங்க. இருபது வருஷமா இவர்கூட இருக்கீங்க. நம்பலாமா?"

பேச்சிக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது கார்த்திகை மாதம். அடுத்த ஆர்டர் சுருளில் விரிசல் விழுந்துவிட்டது, இன்னும் பன்னிரண்டு பழக்கித் தா என்று ஞானதுரை வந்து நின்றார். விரிசல் விழுவது வருஷத்தில் இரண்டு தடவையாவது நடக்கிறதுதான். ஆனால் விரிசல் விட்டதை எப்போதும் கொண்டுவந்து காட்டி, எங்கே தப்பு என்று அவளோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவர் அன்றைக்குக் காட்டவில்லை. அவள் கேட்டபோது, "அதெல்லாம் உருக்கப் போயாச்சு, வேலையப் பாரு" என்றார். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவளுக்கு அப்போதே அது என்னவோ போல இருந்தது. இப்போது எல்லாம் பொருந்தியது. அவர் சொல்வது உண்மை. அதில் அவளுக்கு ஒரு நூல் சந்தேகம் இல்லை.

ஆனால் அவள் சந்தேகப்படாதது ஆறு பேரை இறக்கப் போதுமா? போன ஐப்பசியில் துடைத்தால் போகும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இன்று தன் அறிவின்மீது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தான் 'நம்பலாம்' என்று வாயைத் திறந்தால், கோமதிநாயகம் போனை எடுத்து 'ஓடுதளம்' என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் காத்திருக்கிறார்.

"நம்பாதிய சார்," என்றாள் பேச்சி. "என்னயக் காப்பாத்துததுக்காகச் சொல்லுதாவ."

சொல்லும்போது அவள் தரையைத்தான் பார்த்தாள். ஞானதுரை கண்ணாடியை மடித்துப் பையில் போடுகிற 'டக்' என்ற சத்தம் கேட்டது. கோமதிநாயகம் போனை எடுத்தார்.

கலம் நாகப்பட்டினத்துக்கு நூறு கிலோமீட்டர் கிழக்கே கடலில் விழுந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஆரஞ்சு நிறப் பலூன்களும் கடற்படைப் படகுகளும் தெரிந்தன. கம்பெனி உணவுக்கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். ஒருவர், இருவர் என்று தூக்கினார்கள். ஆறாவது ஆளையும் தூக்கியபோது யாரோ கைதட்டினார்கள், பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். ஆறு பேரும் உயிரோடு. மறுநாள்தான் இன்னொரு செய்தி வந்தது. அலையில் கலம் அறைந்தபோது முப்பத்தோரு வயதான டாக்டர் பெண் ஒருத்திக்கு முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறது. இனி அவளால் நடக்க முடியாது.

ஒன்பதாம் நாள், மீட்ட கலத்திலிருந்து கழற்றிய பன்னிரண்டு சுருளும் உப்புத் தண்ணீர்ப் பெட்டியில் திரும்பி வந்தன. மூன்று வெளியாட்கள் முன்னிலையில் பேச்சிதான் ஒவ்வொன்றாகச் சூடாக்கினாள். ஆயிரத்து ஐம்பது, ஆயிரத்து நாற்பத்தொன்பது, ஆயிரத்து ஐம்பத்தொன்று. ஒன்றில்கூடத் தழும்பு கிடையாது. பூதக்கண்ணாடியில், குத்திய எண்ணுக்குக் கீழே தேய்த்து அழித்த பழைய எண் மங்கலாகத் தெரிந்தது. ஓடுதளத்தில் இறங்கியிருந்தால் அந்த டாக்டர் தானே படியிறங்கி நடந்து வந்திருப்பாள்.

விசாரணை அறிக்கையில் ஆவணத்தைத் திரித்தவர் என்று ஞானதுரையின் பெயர் வந்தது, வேலை போனது. முத்துப்பேச்சியின் பெயருக்கு எதிரே 'தானாக முன்வந்து தெரிவித்தவர்' என்று எழுதியிருந்தார்கள். கோமதிநாயகம் அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒப்பந்தம் போனது. பெரிய உலையை அணைத்தார்கள். முந்நூறு பேரை அனுப்பிவிட்டார்கள். பேச்சியை மட்டும் இருக்கச் சொன்னார்கள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறிச் சாத்தான்குளம் போனாள். ஞானதுரை வீட்டு வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். ஜெபம் முடிந்து வந்திருந்த அவர் மனைவி, "வாம்மா" என்று ஒரு சொல்லோடு உள்ளே போனவர், டம்ளரில் காப்பியோடு வந்து வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார். வழக்கமாக அந்த அம்மா வாய் ஓயாது.

பேச்சி காப்பியைத் தொடவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "அண்ணாச்சி, அன்னைக்கு சார் கேட்டப்பம், நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும். கார்த்திகைல நீங்க விரிசலக் காட்டாதது ஞாபகம் வந்துச்சு. தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும் பேச்சி." அவர் திருப்புளியை நிறுத்தவில்லை. "நீ என்னப் பார்க்காமச் சொன்னேல்லா. அப்பமே தெரிஞ்சுபோச்சு."

"ஆறு பேரு அண்ணாச்சி. நான் நம்புதேன்ங்கதுக்காக ஆறு பேர எப்படி... நீங்க என் எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

ஞானதுரை திருப்புளியைக் கீழே வைத்தார். கேள்வியை அவர் சட்டென்று தள்ளிவிடவில்லை. அந்த அறையில் மறுபடியும் போய் உட்கார்ந்து யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கடல்லதான் எறக்கச் சொல்லிருப்பேன்," என்றார். "அதுல ஒண்ணும் தப்பில்ல. கையில அத்தாட்சி இல்லாதப்பம் அதான் சரி."

பேச்சிக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு மூச்சு சரியாக வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா, 'அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாவ சார், நான் நம்புதேன், இருந்தாலும் ஆறு உசிரு, கடல்லயே எறக்குங்க'ன்னு சொல்லிருப்பேன். ஒத்த வரிதான் கூட."

அப்படிச் சொல்லியிருக்கலாம். கோமதிநாயகம் அதைக் கேட்டிருப்பார், கடலில்தான் இறக்கியிருப்பார், எதுவும் மாறியிருக்காது. அப்படி ஒரு பதில் இருந்தது என்பதே இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடப் பேச்சிக்குத் தோன்றவில்லை.

"காப்பி ஆறுது, குடி," என்று சொல்லிவிட்டு ஞானதுரை மிக்ஸியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.